வல்ஹல்லா வீரசுவர்க்கமா, பாசறையா?

ஏட்டுச்சுவடி:
வைக்கிங் என்னும் பழைய வட ஐரோப்பியக் கடலோடிகளின் கதைக்களம் கொண்ட ஒரு வீடியோ கேமுக்கு எழுதப்பட்ட தமிழ் விமர்சனத்தை நேற்றுப் படித்தேன். "களத்தில் மடிந்த வீரர்கள் வல்ஹல்லா என்னும் வீரசுவர்க்கத்தில் என்றென்றும் விருந்துண்டு மகிழ்கிறார்கள்" என்று அதில் ஒரு வரி. இதே வரியை வெவ்வேறு இடங்களில் பலமுறை படித்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

வல்ஹல்லா சுவர்க்கம் அல்ல, பாசறை. அங்கே இருக்கும் ஐன்ஹெர்யர்கள் ஓய்வெடுக்கப் போனவர்கள் அல்லர். படைக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள். ராக்னரோக் என்னும் கடைசிப் போரில் ஃபென்ரிர் என்ற ஓநாய் வரும்போது தன் பக்கம் நிற்கத் தேவர்களின் தலைவனான ஓடினுக்கு ஆள் தேவை. அதற்காகத்தான் அவன் அனுப்பும் வால்கிரிகள் என்ற பெண்கள் களம் களமாகச் சென்று பிணங்களுக்கு நடுவே ஆள் பொறுக்குகிறார்கள். 'வால்கிரி' என்ற சொல்லுக்கே 'பட்டவர்களைத் தேர்ந்தெடுப்பவள்' என்றுதான் பொருள். ஐஸ்லாந்தில் 1220 வாக்கில் 'உரைநடை எட்டா' என்ற புராண நூலை எழுதிய ஸ்னோரி ஸ்டுர்லுசன் ஒளிக்காமல் சொல்கிறார்: அங்கே பெருங்கூட்டம் இருக்கிறது, இன்னும் பலர் வருவார்கள், ஆனாலும் ஓநாய் வரும் நாளில் அது போதாது என்றே தோன்றும். தோற்கப்போகிறது என்று தெரிந்தே திரட்டப்படும் படை அது. இதற்குப் பெயர் சுவர்க்கமா?

இரவாட்டக்காரன்:
ஐயா, உங்கள் படிப்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் பாதியைத்தான் சொல்கிறீர்கள். ஸைஹ்ரிம்னிர் என்ற பன்றியைத் தினமும் கொப்பரையில் வேகவைக்கிறார்கள். மாலையில் அது மறுபடி முழு உடம்போடு நிற்கிறது. ஹெய்த்ரூன் என்ற ஆட்டின் மடியிலிருந்து பாலுக்குப் பதில் தேன்மது சுரக்கிறது. அத்தனை பேருக்கும் அது போதுகிறது. நீண்ட குளிர்காலத்தில் உணவு தீர்ந்துவிடுமோ என்று அஞ்சி வாழ்ந்த மக்களுக்குத் தீராத கறியும் வற்றாத மதுவும் சுவர்க்கம் இல்லையென்றால் வேறு எது சுவர்க்கம்? பாசறையில் யாராவது ராணுவ வீரனுக்கு இப்படிப் பரிமாறுவார்களா?

பகலெல்லாம் வெட்டிக்கொண்டு சாகிறார்கள், பிறகு எழுந்து ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறார்கள். போரை நேசித்தவனுக்கு, தோல்வியின் வலி இல்லாத போர். வால்ஹைம் ஆட்டத்தில் நானும் என் நண்பர்களும் இரவு முழுக்க அனுபவிப்பது இதைத்தான். 2021இல் ஸ்வீடன் நாட்டுக் குழு ஒன்று வெளியிட்ட ஆட்டம் அது. தொடக்கத்திலேயே நாம் இறந்தவர்கள். வால்கிரி நம்மைத் தூக்கிவந்து ஒரு கல் வட்டத்தில் இறக்கிவிடுகிறாள். அங்கே செத்தால் நம் பொருளெல்லாம் ஒரு கல்லறைக் கல்லின் கீழ் கிடக்கும். வெறுங்கையோடு எழுந்து அதைத் தேடி ஓட வேண்டும். ஐன்ஹெர்யர் வாழ்க்கையை இதைவிட நெருக்கமாக உணர முடியாது.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் ஒரு செய்தி. கிரிம்னிஸ்மால் என்ற பழைய பாடலில் வல்ஹல்லாவுக்கு 540 வாசல்கள். ஓநாயோடு மோதப் புறப்படும்போது ஒரு வாசலுக்கு 800 பேர். பெருக்கினால் 4,32,000. நம் பஞ்சாங்கத்தில் கலியுகத்தின் ஆண்டுகளும் 4,32,000! ஊழிக் கதை ஒன்று, யுக முடிவின் கணக்கு ஒன்று. இரண்டுக்கும் ஒரே மூலம் இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஏட்டுச்சுவடி:
கணக்குப்பிள்ளை, இந்த ஒற்றுமையை முதலில் பார்த்தபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. ஆனால் நிற்காது. பழைய வடமொழியில் (அதாவது நார்ஸ் மொழியில்; சமஸ்கிருதம் என்று எண்ணிவிட வேண்டாம்) 'நூறு' என்றால் பெரும்பாலும் 120. அந்த முறையில் வாசல்கள் 640, வாசலுக்கு 960 பேர், மொத்தம் 6,14,400. பாடிய புலவனும் பெருக்கல் போட்டுக் காட்டவில்லை. எண்ண முடியாத அளவுக்கு ஆட்கள் என்பதுதான் அவன் சொல்ல வந்தது.

இரவாட்டக்காரன், விருந்தைப் பற்றிச் சொன்னீர்கள். அந்த விருந்தில் ஓடின் ஒரு துண்டு கறியாவது உண்கிறானா? இல்லை. தன் பங்கைக் காலடியில் கிடக்கும் கெரி, ஃப்ரெக்கி என்ற இரு ஓநாய்களுக்குப் போட்டுவிடுகிறான். அவனுக்கு மது மட்டும் போதும். எல்லோரும் குடித்துக் களிக்கும் மண்டபத்தில் ஒருவன் மட்டும் சாப்பிடாமல் உட்கார்ந்து ஆள் எண்ணிக்கொண்டிருக்கிறான். அந்தக் காட்சியை ஒருமுறை மனக்கண்ணில் பாருங்கள். நான் முதல் தடவை பார்த்த பிறகு அந்தக் கறியின் மணமே எனக்கு மாறிவிட்டது.

கடலோரத்தாள்:
இதுவரை எழுதிய மூவரும் பாதிப் பிணங்களை மறந்துவிட்டீர்கள். அதே கிரிம்னிஸ்மாலில், பட்டவர்களில் பாதிப்பேரை ஃப்ரேயா என்ற பெண்தெய்வம் நாள்தோறும் தேர்ந்தெடுக்கிறாள், மீதிப் பாதிதான் ஓடினுக்கு என்று தெளிவாக இருக்கிறது. அவளுடைய இடத்துக்குப் பெயர் ஃபோல்க்வாங்கர். வீடியோ கேம்களில் அந்தப் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் ஏட்டுச்சுவடி சொல்லும் 'ஆள்பிடிப்பு' என்ற உண்மையை ஓர் ஆட்டம் மிக நன்றாகப் புரிந்துகொண்டது. 1999இல் ஜப்பானில் வந்த வால்கிரி புரொஃபைல். அதில் நாம் வீரன் அல்ல. லெனத் என்ற வால்கிரி. சாகப்போகிறவர்களின் மனக்குரல் அவளுக்குக் கேட்கிறது. அவள் அங்கே போகிறாள், அவர்கள் சாகும்வரை பார்க்கிறாள், பிறகு உயிரைக் கூட்டிக்கொள்கிறாள். ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்று காட்டிய பிறகுதான் அவர்களைக் கொண்டு நம்மைச் சண்டை போடவைக்கிறது. பழகிய பின் அவர்களை மேலே அனுப்ப வேண்டும். அனுப்பியவர்கள் அதன்பின் நம்மோடு இல்லை. அவர்களைப் பற்றிப் போர்ச் செய்தி மட்டும் வரும். அனுப்பாமலே தட்டிக்கழித்தால் கடைசியில் ஃப்ரேயாவே இறங்கி வந்து லெனத்தைத் தீர்த்துவிடுகிறாள். கல்லூரி நாளில் விளையாடியபோது யாரை அனுப்புவது என்று முடிவெடுக்க முடியாமல் ஒரு மாலை முழுவதும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதோடு 2022இல் வந்த காட் ஆஃப் வார் ரக்னராக்கை ஒப்பிடுங்கள். அதில் ஐன்ஹெர்யர்கள் ஓடினின் அடியாட்கள். வெட்டித் தள்ளினால் போதும். இவன் எந்தக் களத்தில் பட்டான், யார் இவனுக்காக அழுதார்கள் என்று எவனைப் பற்றியும் தெரியாது. எனக்கு அது அவமதிப்பாகவே பட்டது.

இரவாட்டக்காரன்:
அவமதிப்பு என்ற சொல்லை ஏற்க மாட்டேன் அக்கா. அந்த ஆட்டத்தில் நாம் நிற்பது ஓடினுக்கு எதிர்ப்பக்கம். எதிரில் வருகிற படையில் யாருடைய கதையை நமக்குச் சொல்வார்கள்? ஏட்டுச்சுவடி சொல்வதுபோல் அவர்கள் வெறும் படையாட்கள் என்றால், முகமில்லாத படையாட்களாகக் காட்டியதுதான் சரி. உங்கள் இருவர் வாதமும் ஒன்றையொன்று அடிக்கிறது.

இன்னொன்று. 2020இன் அசாசின்ஸ் க்ரீட் வல்ஹல்லாவை யாரும் சொல்லவில்லை. முடிவைச் சொல்லப்போகிறேன், விளையாடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். நாயகி ஐவோர் அந்த மண்டபத்துக்குள் போகிறாள். பகலில் சண்டை, பிறகு விருந்து, மறுபடி சண்டை. சிறிது நேரத்தில் அவளுக்கே ஏதோ சரியில்லை என்று படுகிறது. வெளியேறும் வழியை நோக்கி நடந்தால் ஓடின் பின்னாலிருந்து இழுக்கிறான். ஓடு ஓடு என்று பொத்தானை அழுத்திப் பார்த்தேன், நகரவில்லை. கையிலிருக்கும் கோடரியைக் கீழே போட்டபோதுதான் கால் நகர்ந்தது. ஐயா, உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி கொடுத்திருக்கிறேன். ஆனால் இது இன்றைய எழுத்தாளர்களின் எண்ணம். பழைய மக்கள் வல்ஹல்லாவைச் சிறையாக நினைத்ததற்கு ஒரு பாட்டாவது உண்டா?

ஏட்டுச்சுவடி:
சிறை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கசப்பு உண்டு. எய்ரிக்ஸ்மால் என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 954 வாக்கில் கொல்லப்பட்ட மன்னன் ரத்தக்கோடரி எய்ரிக்குக்காக அவன் மனைவி குன்ஹில்ட் பாடவைத்தது. விடியுமுன் ஓடின் ஒரு கனவு காண்கிறான்: அதில் வீரர்களை எழுப்பிப் பெஞ்சுகளில் வைக்கோல் பரப்பச் சொல்கிறான், கிண்ணங்களைக் கழுவச் சொல்கிறான். எய்ரிக் வருகிறான். அப்போது ஒரு கேள்வி எழுகிறது: இவ்வளவு வீரன் என்றால் இவனுக்கு ஏன் வெற்றியைக் கொடுக்கவில்லை? ஓடினின் பதில்: எதிர்காலம் யாருக்குத் தெரியும், சாம்பல்நிற ஓநாய் தேவர்களின் இருப்பிடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவன் தோற்றதற்குக் காரணம் அவ்வளவுதான். தனக்கு ஆள் வேண்டும்.

அடுத்தது ஹாக்கொனர்மால். இங்கிலாந்து மன்னன் அத்தெல்ஸ்டன் அவையில் கிறிஸ்தவனாக வளர்ந்த ஹாக்கொன் சில ஆண்டுகள் கழித்துப் போரில் பட்டபோது ஐவிந்த் என்ற புலவன் பாடியது. ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கும் அரசன் வால்கிரியைப் பார்த்து, நாங்கள் வெற்றிக்குத் தகுதியானவர்களாயிற்றே என்று கேட்கிறான். வல்ஹல்லா வாசலில் வரவேற்பு நடக்கிறது. அவனோ, எங்கள் கவசத்தை நாங்களே வைத்துக்கொள்கிறோம் என்கிறான். சுவர்க்க வாசலில் யாராவது ஆயுதத்தை ஒப்படைக்க மறுப்பார்களா?

இரவாட்டக்காரன்:
இந்தப் பாடல்களை நான் அறிந்ததில்லை. கவசத்தைத் தர மறுக்கும் இடம் என்னை அசைத்துவிட்டது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். எய்ரிக்கின் பாடலைக் கேட்டவள் அவன் மனைவி. புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு, அவனுக்காக ஓடின் விடியுமுன் கண்ட கனவில் வீரர்களை எழுப்பிக் கிண்ணம் கழுவச் சொன்னான் என்று சொல்லப்படுகிறது. அது ஆறுதல் இல்லையா? பாடலின் கசப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வைக்கோல் பரப்பிய கைகளை விட்டுவிடக் கூடாது.

கடலோரத்தாள்:
தம்பி சொல்வது சரி, ஆறுதல் உண்டு. ஆனால் இன்னொரு பெண்ணையும் பாருங்கள். ஹெல்கி என்ற வீரன், அவன் மனைவி சிக்ரூன். அவளுடைய சகோதரன் தாக் ஓடினுக்குப் பலி கொடுக்கிறான். ஓடின் தன் ஈட்டியையே இரவல் தருகிறான். அந்த ஈட்டியால் தாக் ஹெல்கியைக் கொல்கிறான். பிறகு அதே ஓடின் ஹெல்கியை வல்ஹல்லாவுக்கு வரவேற்கிறான்.

ஒரு மாலை ஹெல்கி தன்னைப் புதைத்த மண்மேட்டுக்குக் குதிரையில் திரும்பி வருகிறான். சிக்ரூன் உள்ளே போகிறாள். ரத்தம் தோய்ந்த கவசத்தைக் கழற்றுமுன் முத்தமிட வேண்டும் என்கிறாள். அவன் தலைமுடியில் உறைபனி படிந்திருக்கிறது, கைகள் ஈரமாகச் சில்லிட்டிருக்கின்றன. நீ தூங்குமுன் அழும் ஒவ்வொரு துளியும் என் மார்பில் ரத்தமாக விழுகிறது என்கிறான். அவள் அந்த மேட்டுக்குள்ளேயே படுக்கை விரித்து அவன் கைகளில் படுக்கிறாள். சேவல் கூவி மண்டபத்து வீரர்களை எழுப்புமுன் அவன் போயாக வேண்டும். மறுநாள் மாலையும் அவள் காத்திருக்கிறாள், அவன் வரவில்லை.

இந்த ஓர் இரவை ஆட்டமாக்க யாராவது துணிந்தால் அன்றே வாங்குவேன்.

கணக்குப்பிள்ளை:
120 விஷயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சந்தேகம். நோயில் செத்தவர்கள் எல்லோரும் இறந்தோர் உலகை ஆளும் ஹெல்லிடம் போய்த் துன்பப்பட வேண்டியதுதானா? என் அப்பா கட்டிலில் கிடந்துதான் போனார். அதனால் கேட்கிறேன்.

ஏட்டுச்சுவடி:
அப்படி அல்ல நண்பரே. ஹெல்லின் தட்டுக்குப் பசி என்று பெயர், கத்திக்குப் பஞ்சம் என்று பெயர் என்றெல்லாம் எழுதியவர் ஸ்னோரி. அவர் கிறிஸ்தவர், ஊரே மதம் மாறி இரண்டு நூற்றாண்டு கழித்து எழுதியவர். பழைய பாடலில், பால்டருக்காக ஹெல்லின் வீட்டில் பெஞ்சுகளைப் பொன்னால் அலங்கரித்து, மது காய்ச்சி, மேலே கேடயம் மூடி வைத்திருக்கிறார்கள். தேவர்களில் எல்லோராலும் நேசிக்கப்பட்டவன் போன வீடு அது. 2015இல் வந்த ஜோத்துன் ஆட்டத்தில் கடலில் மூழ்கிச் செத்த தோரா, வல்ஹல்லாவுக்குள் நுழையத் தகுதி காட்டிப் போராட வேண்டியிருக்கிறது. அழகான ஆட்டம்தான். ஆனால் மூழ்கிச் சாவதை இழிவாக வைத்த அந்த ஒரு புள்ளியில் எனக்கு உடன்பாடில்லை.

தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். 'வல்' என்றால் களத்தில் கொல்லப்பட்டவர்கள், 'ஹொல்' என்றால் மண்டபம். சுவர்க்கம் என்ற பொருள் எங்குமே இல்லை. நம் நடுகற்களில் 'பட்டான்' என்று வெட்டியிருக்கிறதே, அந்தச் சொல் கையிலேயே இருக்கிறது. 'பட்டார் மண்டபம்' என்று எழுதலாம்.

இரவாட்டக்காரன்:
பட்டார் மண்டபம். ஏற்றுக்கொள்கிறேன் ஐயா, விருந்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். வால்கிரி புரொஃபைலை இன்றிரவு தொடங்குகிறேன் அக்கா. முதலில் யாரை அனுப்பினீர்கள் என்று மட்டும் இப்போது சொல்லிவிடாதீர்கள்.