வெளிநாட்டில் மெயின்ஃப்ரேம் வேலை: புதிதாக வந்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

கேள்வி:

வணக்கம். வங்கி, காப்பீட்டுத் துறைப் பணிகளில் பல ஆண்டுகள் மெயின்ஃப்ரேம் என்னும் பெருங்கணினியில் கோபால் (COBOL) நிரல்மொழி, வேலைகளை ஓட்டச் சொல்லும் ஜே.சி.எல்., டி.பி.2 தரவுத்தளம் என்று வேலை பார்த்தவன் நான். நிரந்தர வசிப்புரிமை பெற்று அண்மையில் குடும்பத்தோடு வெளிநாடு வந்திருக்கிறேன். மூத்தவர்கள் ஓய்வு பெறுவதால் மெயின்ஃப்ரேம் ஆட்களுக்குப் பெரும் தட்டுப்பாடு என்று படித்த நம்பிக்கையில் விண்ணப்பித்தேன். பெரும்பாலானவற்றுக்குப் பதிலே வரவில்லை. தட்டுப்பாடு உண்மைதானா? இதிலேயே தொடரலாமா, அல்லது ஜாவா, கிளவுட் என்று மாறிக்கொள்வது நல்லதா?

மறுமொழி:

வணக்கம். தட்டுப்பாடு உண்மைதான். ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் அது இல்லை. பதில் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

முதலில் இந்தத் துறை நாளைக்கே மூடப்பட்டுவிடும் என்ற அச்சத்தை ஒதுக்கி வையுங்கள். ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்தது. பழைய நிரல்கள் புதிய இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்று அன்று வகுத்த கொள்கையை அந்த நிறுவனம் இன்றுவரை கைவிடவில்லை. 2022இல் இசட்16, 2025இல் இசட்17 என்று புதிய இயந்திரங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பரிவர்த்தனை நடக்கும் அந்தக் கணத்திலேயே மோசடியைக் கணிக்கும் வசதி அவற்றின் சில்லிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. "மெயின்ஃப்ரேம் செத்துவிட்டது" என்பவர்களை நான் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர்களுடைய சம்பளத்தைக் கணக்கில் வரவு வைப்பதும் பெரும்பாலும் இதே இயந்திரங்கள்தான்.

தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் 2020 ஏப்ரலை மேற்கோள் காட்டுவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் வேலையிழப்பு உதவிக்கான மனுக்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநர் ஃபில் மர்ஃபி, கோபால் தெரிந்த தன்னார்வலர்கள் வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்தச் செய்தியைப் படித்து, கோபால் எழுதத் தெரிந்தாலே கதவு திறந்துவிடும் என்று நம்பியவர்கள் பலர். என் கணிப்பில், கோபால் தொடரமைப்பை ஒரு நல்ல நிரலர் சில வாரங்களில் கற்றுக்கொள்வார். எந்த விதி எந்தச் சட்டத்திருத்தத்தால் எந்த நிரலுக்குள் நுழைந்தது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

இதில் நம்மவர்கள் பலரும் யோசிக்காத ஒன்று உண்டு. மூத்தவர்கள் ஓய்வு பெறும்போது காலியாகும் இடங்களில் கணிசமானவை உள்ளூரில் நிரப்பப்படுவதில்லை. வேறு நாட்டில் குறைந்த செலவில் வேலை செய்யும் ஆஃப்ஷோர் குழுக்களுக்குப் போகின்றன. இதுவரை நீங்கள் அந்தக் குழுவில் இருந்தீர்கள். இப்போது எல்லையைத் தாண்டி வந்துவிட்டீர்கள். அப்படியென்றால் சாதாரண பராமரிப்பு வேலைக்கு உங்களோடு போட்டியிடுபவர் உங்கள் பழைய இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்கள் நண்பர்தான். விலையில் அவரை நீங்கள் வெல்ல முடியாது, வெல்ல முயலவும் கூடாது. ஆகவே "இந்த நாட்டுக்குள்ளேயே இருந்தாக வேண்டிய வேலை எது?" என்று கேட்டுக்கொண்டு தேடலைத் தொடங்குங்கள்.

அத்தகைய வேலை பெரும்பாலும் சட்டமும் விதிமுறையும் மாறும் இடங்களில் பிறக்கிறது. அமெரிக்கப் பங்குச் சந்தைகள் 2024 மே 28 முதல் வாங்கிய பங்கும் அதற்கான பணமும் ஒரே வணிக நாளில் கைமாறி முடியும் முறைக்கு மாறின. ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் சுவிட்சர்லாந்தும் இதே மாற்றத்துக்கு 2027 அக்டோபர் 11ஐக் குறித்திருக்கின்றன. இரண்டு இரவுகளில் நிதானமாக ஓடிய, பரிவர்த்தனைகளை மொத்தமாகச் செயலாக்கும் பேட்ச் வேலைகளை (ஜாப்களை) ஒரே இரவுக்குள் அடக்க வேண்டுமானால், எந்த ஜாப் எதற்காகக் காத்திருக்கிறது, எதை இணையாக ஓட்டலாம் என்று வணிகப் பிரிவினரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிதி நிறுவனங்களின் கணினிச் செயல்பாட்டு உறுதிக்கான டோரா சட்டம் 2025 ஜனவரி 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்த வேலைகளுக்கும் வங்கியே பொறுப்பேற்க வேண்டும் என்பதால், அந்த வேலையை உள்ளேயிருந்து புரிந்துகொண்டு கேள்வி கேட்கக்கூடியவர்கள் அங்கே தேவைப்படுகிறார்கள். எல்லை தாண்டிய பணப்பரிமாற்றங்களில் ஐ.எஸ்.ஓ. 20022 செய்தி வடிவத்துக்கு மாறும் இடைக்காலம் 2025 நவம்பரில் முடிந்தது. பழைய வடிவத்தில் அனுப்புநரின் பெயரும் முகவரியும் வரிக்கு 35 எழுத்து வீதம் நான்கே வரிகள்; புதிய வடிவத்தில் தெரு, ஊர், அஞ்சல் குறியீடு எல்லாம் தனித்தனிப் புலங்கள். ரெக்கார்டின் அமைப்பை வரையறுக்கும் நாற்பதாண்டுப் பழமையான காப்பிபுக்கின் நிலையான நீளத்துக்குள் இதை எப்படி அடக்குவது, எங்கே வெட்டுப்பட்டால் தடைப்பட்டியல் சோதனை பிசகும் என்பதெல்லாம் தொலைவிலிருந்து புகார்ப் பதிவுகளை (டிக்கெட்) முடித்து வைக்கிறவர் தீர்மானிக்கும் விஷயங்கள் அல்ல.

நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலரின் மாற்றமும் அப்படித்தான். கோபால் கம்பைலரின் 4.2 பதிப்புக்கான ஆதரவு 2022 ஏப்ரலில் முடிந்துவிட்டது. பதிப்பு 6க்குப் போவதென்றால் எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்துவிட்டால் போதும் என்று மேலாளர்கள் நினைப்பார்கள். செயல்நிரல்கள் பி.டி.எஸ். என்னும் பழைய வகைக் கோப்பு நூலகங்களில் இருக்க முடியாது, பி.டி.எஸ்.இ. என்னும் புதிய வகையில்தான் இருக்க வேண்டும் என்பது முதல் தடை. எண் புலங்களில் முறைகேடான தரவு கிடந்தாலும் பழைய கம்பைலரில் தற்செயலாகச் சரியான விடையே வந்துகொண்டிருந்த நிரல், புதியதில் வேறு விடை தரலாம் என்பது இரண்டாவது, கூடுதல் ஆபத்தானது. இந்தப் பணியில் உண்மையாகவே கை வைத்தவர் என்றால் உங்கள் விண்ணப்பத்தின் முதல் வரியில் அதைச் சொல்லுங்கள்.

இதைத் தவிர சிஸ்டம் புரோகிராமர், ஆர்.ஏ.சி.எஃப். போன்ற பாதுகாப்பு நிர்வாகம், செயல்திறன், கொள்ளளவு ஆகிய பிரிவுகளில் ஆட்கள் என்றைக்குமே குறைவு. ஆனால் நிரல் எழுதும் பக்கத்திலிருந்து அங்கே தாவுவது எளிதன்று. முடியும், ஆண்டுகள் ஆகும்.

இனி நேர்காணல். நம்மவர்கள் திறமையிருந்தும் கோட்டைவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

"வாடிக்கையாளர் பயன்படுத்தும் நேரடிச் சூழலில் (புரொடக்ஷன்) நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்" என்பது பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி. நள்ளிரவில் ஒரு ஜாப் சாக்-7 அபெண்டோடு (எண் புலத்தில் கெட்ட தரவு வந்ததால் நிரல் பாதியில் நின்றுபோவது) விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கமாகச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 வகையில், ஐந்து இலக்கப் புலம் மூன்று பைட்டுகளில் அடங்கும்; கடைசி அரை பைட்டில் கூட்டலா கழித்தலா என்று காட்டும் சி, டி, எஃப் போன்ற குறி இருக்க வேண்டும். அங்கே வெற்றிடங்கள் (ஒவ்வொன்றின் குறியீடும் 40) வந்து விழுந்ததால், நின்ற கணத்தின் நினைவகப் பதிவான டம்பில் 40 40 40 என்று தெரிகிறது. கடைசியில் இருக்கும் 0 ஒரு குறியே அல்ல என்பதால் கணக்குப் போடும் கட்டளை நின்றுவிட்டது. "கெட்ட ரெக்கார்டைக் கண்டுபிடித்து ஒதுக்கிவிட்டு, அந்த ஸ்டெப்பிலிருந்து மறுபடி ஓட்டினோம்" என்பதோடு நிறுத்திவிட்டால், கேட்பவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். அவர் எதிர்பார்ப்பது அதற்குப் பின் வருவதை. வெற்றிடம் எங்கிருந்து வந்தது? கோப்பை அனுப்பிய அமைப்பில் ரெக்கார்டு அமைப்பு மாறியும், பெறும் பக்கத்தில் ஒரு நிரல் மட்டும் பழைய காப்பிபுக்கோடு நின்றுவிட்டதா? விழுவதற்கு முன் டி.பி.2வில் எத்தனை கமிட்டுகள் (மாற்றங்களை நிலையாகப் பதிவது) நடந்திருந்தன, மறுபடி ஓட்டியபோது ஒரே தொகை இருமுறை பதிவாகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? காலையில் கிளைகள் திறப்பதற்குள் முடியாது என்று தெரிந்ததும் வணிகப் பிரிவில் யாரிடம், எந்தச் சொற்களில் சொன்னீர்கள்? ஒதுக்கிய ரெக்கார்டுக்குச் சொந்தக்காரரான வாடிக்கையாளருக்கு என்ன ஆயிற்று? இத்தனைக்கும் விடை வைத்திருப்பவரைத்தான் உள்ளூரில் இருந்தாக வேண்டியவர் என்று அவர்கள் கருதுகிறார்கள்.

அந்த விடைகளைச் சொல்லும்போது "நாங்கள் செய்தோம்" என்று பேசுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழுவை முன்னிறுத்திப் பேசுவது நம்மிடையே பண்பு. இங்கே நேர்காணல் எடுப்பவரோ நீங்கள் தனியாக எதையும் செய்ததில்லை என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். குழு தீர்மானித்ததைக் குழு என்றும், நீங்கள் செய்ததை நான் என்றும் பிரித்துச் சொல்வதில் தற்பெருமை எதுவும் இல்லை. விண்ணப்பத்திலும் அப்படியே: கோபால், ஜே.சி.எல்., விசாம், சி.ஐ.சி.எஸ். என்று கருவிகளை அடுக்கும் பட்டியலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, எந்த வணிக நடைமுறையை நீங்கள் முழுமையாக அறிந்தவர் என்பதை முதலில் வையுங்கள். பழைய வாடிக்கையாளரின் பெயர், கோப்புகளின் (டேட்டாசெட்) பெயர்கள், நிரல் துண்டுகள் எதையும் வெளியிடாதீர்கள். நீங்கள் கையெழுத்திட்ட ரகசிய ஒப்பந்தம் நாடு மாறியதால் காலாவதியாகாது, அதை மீறுபவரை எந்த வங்கியும் சேர்த்துக்கொள்ளாது.

ஜாவாவுக்கு மாறுவதா என்று கேட்டீர்கள். கைவசம் இருக்கும் அனுபவத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியவராக வரிசையின் கடைசியில் நிற்பதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டுக்கும் நடுவில் நில்லுங்கள். வெளியுலகக் கருவிகளை மெயின்ஃப்ரேமோடு இணைக்கும் திறந்தமூலத் திட்டமான ஸோவி 2018இல் தொடங்கியது. கிட், வி.எஸ். கோட், ஆன்சிபிள் ஆகிய இன்றைய நிரலர் கருவிகளோடு கோபால் நிரலைக் கையாளத் தெரிந்தவர் என்றால் இளைய மேலாளர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். மெயின்ஃப்ரேமின் பழைய பச்சை எழுத்துத் திரையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவர் என்ற தப்பெண்ணமும் அதோடு போகும்.

ஆட்களைச் சந்திக்கும் இடம் வேலை வாய்ப்புத் தளங்கள் மட்டுமல்ல. ஷேர் என்னும் பயனர் அமைப்பு 1955இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. இன்றைய இயங்குதளங்களுக்கெல்லாம் மூத்தது. ஐரோப்பாவில் கைட் ஷேர் யூரோப் நாடுவாரியாகக் கூட்டங்கள் நடத்துகிறது. டி.பி.2காரர்களுக்கு ஐடக் என்னும் பயனர் அமைப்பு இருக்கிறது. இக்கூட்டங்களில் தரும் தொழில்நுட்ப உரைகளைவிட, தேநீர் இடைவேளையில் "எங்கள் நிறுவனத்தில் இந்த மாற்றத்துக்கு ஆள் கிடைக்கவில்லை" என்று ஒருவர் அலுத்துக்கொள்வது உங்களுக்குப் பயன்படும். பழைய நிறுவன நண்பர்கள் குழுவும் வேண்டியதுதான். ஆனால் அங்கே எல்லோரும் உங்களைப் போலவே வேலை தேடுபவர்களாகத்தான் இருப்பார்கள்.

கடைசியாக ஆவணங்கள். வங்கிப் பணிகளில் பின்புலச் சோதனை கடுமையாக இருக்கும்: முந்தைய வேலைகளின் சான்று, காவல்துறைச் சான்று, சில இடங்களில் கடன் வரலாறு வரை பார்ப்பார்கள். பழைய நிறுவனத்தின் பணிவிடுவிப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை மின்னஞ்சல் கணக்கு மூடப்படுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் துறைகளிலும் மெயின்ஃப்ரேம் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பல இடங்களுக்குக் குடியுரிமையோ நெடுநாள் வசிப்போ தேவைப்படும் பாதுகாப்பு அனுமதி வேண்டும். விளம்பரத்தில் அந்த ஒரு வரியை முதலில் தேடிப் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் பதில் வராத மனுக்களில் பாதி குறைந்துவிடும்.

கேள்வி:

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம். கணவரின் பணி காரணமாக நானும் வெளிநாடு வந்திருக்கிறேன். குழந்தைகளுக்காகச் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்தேன். அதற்கு முன் கோபாலிலும், பரிவர்த்தனைகளை உடனுக்குடன் கையாளும் சி.ஐ.சி.எஸ். மென்பொருளிலும் அனுபவம் உண்டு. பழகிப் பார்க்கக்கூட என்னிடம் ஒரு மெயின்ஃப்ரேம் இல்லையே, எப்படி மீண்டும் தொடங்குவது?

மறுமொழி:

வாருங்கள் தங்கையே. எல்லாவற்றுக்கும் முன், சார்ந்து வந்தவருக்கான உங்கள் விசாவில் வேலை செய்ய உரிமை இருக்கிறதா, தனி அனுமதி பெற வேண்டுமா என்று அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் அறிவிப்பிலேயே பார்த்துவிடுங்கள். பிறர் அனுபவத்தை இதில் நம்ப வேண்டாம், விசா வகைக்கு வகை விதி மாறும்.

பழகுவதற்கு இடம் இருக்கிறது. ஐ.பி.எம். இசட் எக்ஸ்புளோர் என்ற பயிற்சித் தளத்தில் பதிந்துகொண்டால், கட்டணமின்றி மெயின்ஃப்ரேமின் இன்றைய இயங்குதளமான உண்மையான இசட்/ஓ.எஸ். அமைப்பிலேயே பயிற்சிகளைச் செய்யலாம். முடித்த நிலைகளுக்கு மின்னணுச் சான்றும் தருகிறார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் 2015இல் தொடங்கிய ஓபன் மெயின்ஃப்ரேம் புராஜெக்ட், கோபால் பாடத்திட்டம் ஒன்றையும் இலவசமாக வைத்திருக்கிறது. உங்களுக்கு அந்தப் பாடத்தின் முற்பகுதி தேவைப்படாது, வி.எஸ். கோட் வழியாக வேலை செய்வதைப் பழகிக்கொள்ளவே அதைப் பயன்படுத்துங்கள். மெயின்ஃப்ரேமைப் போலவே இயங்கிக் காட்டும் ஹெர்குலிஸ் என்னும் மென்பொருளைச் சொந்தக் கணினியில் நிறுவி, எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டுபவர்களும் உண்டு. ஜே.சி.எல். கை மறந்திருந்தால் அது உதவும், டி.பி.2 அதில் கிடையாது. இன்றைய இசட்/ஓ.எஸ்.ஐ உரிமமின்றி அதில் ஏற்றுவது சட்டப்படி தவறு, யாராவது படியைத் தந்தாலும் வாங்காதீர்கள்.

இடைவெளியை விண்ணப்பத்தில் மறைக்க வேண்டியதில்லை. ஆண்டுகளைக் குறித்து, குடும்பப் பொறுப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே இப்போது முடித்த பயிற்சிகளை வையுங்கள். உங்களுக்கு ஒரு சாதகமும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் உலகில் சில ஆண்டுகள் விலகியிருந்தால் பாதிக் கருவிகள் பெயர்கூட மாறியிருக்கும். மெயின்ஃப்ரேமில் நிரல் எழுத நீங்கள் பயன்படுத்தி விட்டுப்போன ஐ.எஸ்.பி.எஃப். திரையோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

முதல் வேலைக்கு நேரடியாக வங்கிகளையே குறிவைக்காமல், மென்பொருள் கருவி விற்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு, சோதனைப் பிரிவு ஆகியவற்றையும் பாருங்கள். நேர நெருக்கடி சற்றுக் குறைவு, ஒரே ஆண்டில் பல வாடிக்கையாளர்களின் சூழலைப் பார்த்துவிடலாம். எந்த வேலையானாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இரவு அழைப்புப் பணி எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், அதற்குத் தனிச் சம்பளமோ மறுநாள் ஓய்வோ உண்டா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு அதிகாலை இரண்டு மணிக்கு அபெண்ட் பார்க்க எழுவது எப்படி இருக்கும் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?