நம்ம பக்கத்துப் பெண்களைப் பற்றிப் பெண்கள் எழுதிய நாவல் உண்டா?

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். கொஞ்ச நாளாகப் பெண்கள் எழுதிய நாவல்களைத்தான் தேடித் தேடிப் படிக்கிறேன். சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004) என்னை விடவே இல்லை. வாசல் தாண்டவே யோசிக்க வேண்டிய பெண்கள், வீட்டுக்குள் எவ்வளவு பேசிக்கொள்கிறார்கள்! ஆசை, கோபம், பொறாமை எதையும் பூசி மெழுகவில்லை. சு. தமிழ்ச்செல்வியின் ‘அளம்’ வேறு மாதிரி. மூன்று பெண் பிள்ளைகளோடு உப்பளத்தில் மல்லுக்கட்டும் சுந்தராம்பாளை மறக்கவே முடியாது.

படிக்கப் படிக்க நம்ம ஊர்ப் பெண்கள்தான் கண்ணில் நின்றார்கள். விடியும் முன்பே தோட்டத்தில் தக்காளி பறித்து, கிரேடு பெட்டியில் அடுக்கி மண்டிக்கு ஏற்றிவிட்டு, அப்புறம்தான் அடுப்பு பற்றவைப்பார்கள். பெங்களூரில் சித்தாள் வேலைக்குப் போய், பண்டிகைக்கு மட்டும் வந்து வீட்டைத் திறக்கிறவர்களும் உண்டு. இவர்கள் மனசுக்குள் ஓடுவதை ஒரு பெண்ணே எழுதிப் படிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசை.

தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணில் நடக்கிற, பெண்கள் எழுதிய நாவலோ சிறுகதைத் தொகுப்போ தெரிந்தால் சொல்லுங்கள். சமீபத்தில் வந்ததென்றால் இன்னும் நல்லது. முடிவு சோகமாக இருந்தாலும் சரி, பெண்ணைத் தெய்வமாக்கும் கதை மட்டும் வேண்டாம். பதிப்பகத்தின் பெயரையும் சேர்த்து எழுதினால் வாங்க வசதியாக இருக்கும்.