ஜிம்னியில டின்னி படகு இழுக்கலாமா? 1300-ஐ நம்புறதா, 350-ஐ நம்புறதா?

டார்னீட்வாசி:

வணக்கம். மெல்பர்ன் மேற்குப் பக்கம் இருக்கேன். கைவசம் சுசூகியோட ஆட்டோ ஜிம்னி, மூணு கதவு மாடல். ஆறு மாசமா மீன்பிடிப் பைத்தியம் பிடிச்சிருக்கு, கரையில நின்னு தூண்டில் போட்டு அலுத்துப் போச்சு. பக்கத்துத் தெருவில ஒருத்தர் 4.2 மீட்டர் அலுமினியப் படகு விக்கிறார். இங்க டின்னின்னு சொல்வாங்களே, அதுதான். 30 குதிரைசக்தி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின், டிரெய்லரும் சேர்த்து. டிரெய்லர்ல பிரேக் கிடையாது. கேட்டா, "750 கிலோ வரைக்கும் டிரெய்லருக்குச் சட்டப்படி பிரேக்கே தேவையில்ல, உன் வண்டி 1300 கிலோ இழுக்கும், தாராளமா எடுத்துட்டுப் போ"ங்கிறார்.

கணக்கு சரியாத்தான் தோணுது. ஆனா வண்டியோட மேனுவலைப் புரட்டினா 1300 பக்கத்துலயே 350ன்னு இன்னொரு நம்பர் உக்காந்திருக்கு. எதை நம்புறது? நான் போறது பெரும்பாலும் வெரிபி சவுத் ராம்ப்தான் (படகைத் தண்ணில இறக்குற சரிவு), வீட்டுலேர்ந்து இருபது நிமிஷம். ஜிம்னியில படகு இழுக்குறவங்க யாராவது சொல்லுங்க. அப்பப்போ பையனும் ஓட்டுவான், சிவப்பு பி பிளேட், லைசன்ஸ் புதுசு.

சனிக்கிழமை தூண்டில்:

பழைய கரோலாவுல இதைவிடப் பெரிய படகை இழுத்திருக்கேன் ப்ரோ. ஒண்ணும் ஆகல. ஸ்னாப்பர் மீன் சீசன் போறதுக்குள்ள வாங்கிடுங்க.

பழைய மெசின்:

தம்பி டார்னீட், "ஒண்டும் ஆகேல்லை" எண்டு சொல்லுற ஆக்களின்ர கதையைக் கேட்டு காசைக் குடுத்திடாதேங்கோ. நான் டாண்டினோங் பக்கம். 2002 மாடல் 1.3 லீட்டர் ஜிம்னியில 3.7 மீட்டர் ரின்னி ஒண்டை பதினொரு வருசமா இழுக்கிறன். (நாங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள், உங்கட டிரெய்லர் எங்களுக்கு ரெயிலர், உங்கட டயர் எங்களுக்கு ரயர், சக்கரம் சில்லு, படகு வள்ளம், படகு எஞ்சின் மெசின். பாத்து வாசியுங்கோ.)

விக்கிறவர் சொன்ன ரெண்டும் பொய்யில்லை. ரெண்டையும் ஒட்டின இடத்திலதான் பிழை. 750 எண்டது ரெயிலருக்கான சட்டம். 1300 எண்டது, பிறேக் உள்ள ரெயிலருக்கு உங்கட வாகனத்தின்ர எல்லை. ரெயிலரில பிறேக் இல்லையெண்டால் அதே வாகனத்துக்கு 350தான். சட்டம் 750 வரைக்கும் விட்டாலும், வாகனம் செய்தவன் 350 எண்டு எழுதியிருந்தால் 350தான். விபத்தெண்டு வந்தால் இன்சூரன்ஸ்காரன் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல புரட்டுவான்.

இழுவையைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ, 4எல் (நாலு சில்லும் இழுக்கிற குறைஞ்ச கியர்) போட்டால் வீட்டையும் இழுக்கும். சிவப்பு லைற்றில நிப்பாட்டேக்கதான் கதை தெரியும். உங்கட ஜிம்னி 1090 கிலோ. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 2.25 மீட்டர். அரைத் தொன் பின்னால நிண்டு தள்ளேக்க, மழை ரோட்டில அதின்ர கால் நிலத்தில நிக்காது.

அடுத்தது நிறை. நான் வாங்கேக்க புத்தகத்தில இருந்ததைக் கூட்டினன். வள்ளம் 85, 15 குதிரை ரூ ஸ்ரோக் மெசின் 36, ரெயிலர் 130. மொத்தம் 251. இன்னும் நூறு கிலோ கையில கிடக்குது எண்டு சந்தோசம். பிறகு குப்பை கொண்டுபோய்க் கொட்டுற இடத்துத் தராசில ஏத்தினால் 338! எங்கயிருந்து வந்தது 87 கிலோ? பெற்றோல் நிரப்பின ராங்க் ஒண்டே 20. பற்றரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் போட்ட பெட்டி, ஸ்பெயார் சில்லு. மிச்சம் நான் என்ர கையால அடிச்ச பிளைவூட் தளம், உப்புத்தண்ணி குடிச்சு ஊறிப்போய்க் கிடந்தது. மனிசி தராசுத் துண்டைப் பாத்திட்டு, "உங்களையும் ஒருக்கா அதில ஏத்தியிருக்கலாம்" எண்டா.

உங்கட 4.2 மீட்டரும் 30 குதிரையும் சாமான் ஏத்தாமலே 400ஐத் தாண்டும் எண்டு நினைக்கிறன். வாங்க முதல், இரவல் வாங்கியாவது ஒரு பெரிய வாகனத்தில கொழுவிக்கொண்டு போய்த் தராசில நிறுத்துப் பாருங்கோ.

டார்னீட்வாசி:

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே நண்பரோட ஹைலக்ஸ்ல மாட்டி நிறுத்தேன். பெட்ரோல், ஆங்கர், ஐஸ் பெட்டி எல்லாம் வச்சு 486. விக்கிறவர் முகம் கொஞ்சம் மாறிடுச்சு. டிரெய்லருக்கு பிரேக் போட்டுக்கிட்டா சரியாயிடுமா? 1300ங்கிறதுல 486 ஒண்ணுமே இல்லையே.

பழைய மெசின்:

பிறேக் போட்டால் கணக்குச் சரி. சின்ன ரெயிலருக்கு, வாகனத்தில கொழுவுற முனையில பூட்ட, ஓவர்றைட் கப்ளிங் எண்டு ஒண்டு இருக்கு. வாகனம் வேகம் குறையேக்க ரெயிலர் முன்னுக்குத் தள்ளும், அந்தத் தள்ளில கப்ளிங் உள்ளுக்கு அமந்து கேபிளை இழுத்துப் பிறேக் பிடிக்கும். வயர் ஒண்டும் தேவையில்லை. ஒரே ஒரு கரைச்சல், ரிவேர்ஸ் போகேக்கயும் தள்ளு விழுறதால அதிலயும் பிடிச்சுக்கொள்ளும். அதுக்கெண்டு கப்ளிங்கில ஒரு சின்னத் தட்டு இருக்கு, மடிச்சு விட வேணும். அதை மறந்திட்டு றாம்பில நிண்டு வாகனத்தைப் பேசுற ஆக்களைக் கண்டிருக்கிறன். உப்புத்தண்ணிக்குள்ள தாழுற கேபிள் பிறேக்கை ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணியில கழுவாட்டி ரெண்டு வருசத்தில இறுகிப்போகும்.

ஆனால் இன்னொண்டையும் பாருங்கோ. ஆட்டோ ஜிம்னியின்ர உச்ச நிறை 1435. அதில 1090ஐக் கழிச்சால் 345. ஆக்கள், சாமான், ரோ பார், ரெயிலரைக் கொழுவுற உருண்டையான ரோ போலில வந்து இருக்கிற நிறை எல்லாம் அந்த 345க்குள்ள வர வேணும். நாலு பெரிய ஆக்கள் ஏறினால் கதை முடிஞ்சுது.

அந்தப் போல் நிறையை நான் பட்டுத்தான் படிச்சனான். மொத்தத்தில பத்தில ஒரு பங்கு அளவு போலில இருக்க வேணும், எனக்கெண்டால் 34 கிலோ. ஈஸ்ற்லிங்க் பெருந்தெருவில 90ல போகேக்க லொறி ஒண்டு முந்திக்கொண்டு போச்சு, ரெயிலர் நாய் வால் மாதிரி ஆடத் தொடங்கினது. பிறேக்கில கால் வைக்காமல் அக்சிலேற்றரை மெல்ல விட, ஆட்டம் அடங்கினது. வீட்டை வந்து, குளியலறைத் தராசுக்கு மேல மரக்கட்டை ஒண்டை நிறுத்தி, போல் இருக்கிற உயரத்துக்கே கப்ளிங்கை வைச்சுப் பாத்தன். 12 கிலோ! மெசின், பற்றரி, பெற்றோல் எல்லாம் பின்பக்கம் எண்டால் வேற என்ன வரும். வள்ளத்தை ரெயிலரில இழுத்து ஏத்துற வின்ச் நிக்கிற தூணை ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி, ராங்கை அணியத்துக்கு, அதுதான் வள்ளத்தின்ர முன்பக்கத்துக்கு, மாத்தினன். தூணைத் தள்ளேக்க வள்ளத்தின்ர பின்சுவர் கடைசி உருளையில இருக்குதோ எண்டு பாருங்கோ, அந்தரத்தில தொங்கினால் மெசின் நிறைக்கு வள்ளம் வளைஞ்சுபோகும்.

ஜீலாங் சுமதி:

சிவப்பு பி பத்தி யாருமே சொல்லலையே? விக்டோரியாவுல சிவப்பு பி வச்சிருக்கிறவங்க டிரெய்லர் இழுக்கக் கூடாது. தொழில், பண்ணை வேலை மாதிரி சில விலக்கு உண்டு, மீன்பிடி அதுல வராது. பையன் அடுத்த கட்டமான பச்சை பி வாங்குற வரைக்கும் காருல பக்கத்துல உக்காந்து வரட்டும். அப்புறம் 4.8 மீட்டர் வரைக்கும் உள்ள மோட்டார் படகுல ஓடும்போது எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டே ஆகணும். மடியில வச்சுக்கிட்டா கணக்கு இல்ல.

பழைய டிரெய்லர் வாங்குனா முதல் வேலை வீல் பேரிங். ஓடி வந்த சூட்டோட ஹப்பை, அதாவது சக்கரத்து நடுப்பகுதியை, தண்ணில இறக்குனா, உள்ள இருக்கிற காத்து சட்டுனு சுருங்கி உப்புத்தண்ணிய இழுத்துக்கும். அடுத்த வாரம் துரு, அதுக்கு அடுத்த வாரம் ரோட்டோரம். எங்களுக்கு ராத்திரி ஒம்பது மணிக்கு ஃப்ரீவேயில சக்கரம் சாய்ஞ்சுது, குழந்தை காருக்குள்ள தூங்கிட்டிருக்கு. அதுலேர்ந்து ராம்ப் போனதும் பத்து நிமிஷம் ஹப் ஆறவிட்டு, லைட் பிளக்கைக் கழட்டிட்டுத்தான் இறக்குறோம். கிரீஸ் அடைச்ச ஹப் ஒண்ணு ஐஸ்கிரீம் டப்பாவுல எப்பவும் பூட்ல இருக்கும்.

பழைய மெசின்:

தங்கச்சி சொன்னது நூத்துக்கு நூறு.

றாம்பைப் பற்றி ஒண்டு சொல்லிப்போட்டுப் போறன். ஒருக்கா வார்னீற்றில, தண்ணி வத்தின நேரம். வெஸ்ரேண் போர்ட் குடாவில கடல் ஏத்த இறக்கம் பெரிசு, றாம்பின்ர கீழ்ப்பாதி முழுக்கப் பச்சைப் பாசி. பின் சில்லு ரெண்டும் பாசியில நிக்குது. ஹாண்ட் பிறேக்கை இழுத்து, முதலாம் கியரில போட்டிட்டு வின்ச் சுத்த இறங்கினன். மகன் இடுப்பளவு தண்ணியில வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். சத்தமில்லாமல் வாகனம் பின்னுக்குப் போகத் தொடங்கினது. சில்லு உருளேல்லை, பூட்டினபடியே வழுக்கினது. "அப்பா, கார் வருது" எண்டு அவன் சொன்னது ஏதோ விருந்தாளி வாறமாதிரி இருந்தது. பின் பம்பர் நனைஞ்ச பிறகு எங்கயோ தட்டுப்பட்டு நிண்டது.

பின்பக்கம் திறந்த யூட் வாகனத்தில வந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருத்தர் கயிறு போட்டு இழுத்துவிட்டிட்டு, கண்ணாடிக்குள்ளால கையை விட்டு 4 வீல் தடியில ரெண்டு தட்டுத் தட்டிக் காட்டினவர். அப்பதான் மண்டையில ஏறினது. ஹாண்ட் பிறேக் பின் சில்லை மட்டும்தான் பிடிக்கும், கியரும் 2எச்சில, அதாவது ரெண்டு சில்லு மட்டும் இழுக்கிற நிலையில, பின் சில்லைத்தான் பிடிக்கும். அதுகள் ரெண்டும் பாசியில. காஞ்ச கொங்கிறீற்றில நிக்கிற முன் சில்லு ரெண்டும் சும்மா உருளுது. 4எல் போட்டால் முன்னும் பின்னும் ஒண்டாப் பூட்டுப்படும், அதே ஹாண்ட் பிறேக் நாலையும் பிடிக்கும். இப்ப றாம்பின்ர மேல நிப்பாட்டி, நியூட்ரலில விட்டு 4எல் போட்டு, முன் ஹப் கொழுவுப்படுதோ எண்டு கொஞ்சம் உருட்டிப் பாத்திட்டுத்தான் கீழ இறங்குறனான். மேல ஏறின பிறகு 2எச்சுக்கு மாத்துங்கோ, காஞ்ச ரோட்டில 4ல திருப்பினால் கியர்ப் பெட்டி முறுகும்.

டார்னீட்வாசி:

4.2 வேண்டாம்னு சொல்லிட்டேன். அல்டோனாவுல 3.7 மீட்டர், 15 குதிரைசக்தி ஒண்ணு கிடைச்சுது. சாமானோட நிறுத்து 329. போல்ல 31. பேரிங் மாத்தியாச்சு. வர்ற செவ்வாய்க்கிழமை லீவு, காலையில கூட்டம் இல்லாதப்ப வெறும் டிரெய்லரை மட்டும் எடுத்துட்டுப் போய் ரிவர்ஸ் பழகப் போறேன்.

பழைய மெசின்:

நல்லது. வெறும் ரெயிலர் கண்ணாடியில தெரியாது, ரெண்டு மூலையிலயும் தடி கட்டி ஒரு சிவப்புத் துணி சுத்திக்கொண்டு போங்கோ. வள்ளத்தோட போற அண்டைக்கு, இறக்க முதல் வள்ளத்தின்ர பின்பக்கத் தண்ணி ஓட்டை அடைப்பானை முறுக்கினீங்களோ எண்டு பாருங்கோ. நான் மூண்டு தரம் மறந்தனான்.