லேப்ரடாரோடு வெள்ளகவி இறக்கம்: கூட்டிப் போகலாமா?

பூரி அப்பா (மதுரை):
வணக்கம். ஜனவரியில் நாங்கள் மூன்று பேர் கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலில் கிளம்பி, வெள்ளகவி மலைக்கிராமம் வழியாக, பெரியகுளம் பக்கம் அடிவாரத்தில் இருக்கும் கும்பக்கரைக்கு ஒரே நாளில் இறங்கலாம் என்று திட்டம். என் லேப்ரடார் பூரியையும் கூட்டிப் போக ஆசை. ஐந்து வயது, 34 கிலோ. தினமும் காலையில் வண்டியூர் கண்மாய்ப் பக்கம் நாலு கிலோமீட்டர் நடப்பான். மலை ஏறிப் பழக்கம் இல்லை. பாதை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊர்சுற்றி:
தாராளமாகக் கூட்டிப் போங்க ப்ரோ. 2018-இல் நேபாளத்தில் ஒரு தெருநாய் மலையேறும் குழுவோடு ஒட்டிக்கொண்டு 7,129 மீட்டர் உயர பருன்ட்சே சிகரத்தின் உச்சிக்கே போய்விட்டது. அதற்கு மேரா என்று பெயர் வைத்தார்கள். அவ்வளவு தூரம் எதற்கு? வட்டக்கானல் கடைவாசல் நாய்கள் ஒரு பிஸ்கட்டுக்காக டூரிஸ்ட்டுகளோடு கீழே டால்பின்ஸ் நோஸ் பாறை வரைக்கும் போய் வருகின்றன. பாதம் தேயும் என்று பயமாக இருந்தால் நாய்க்கு ஷூ வாங்கிப் போடுங்கள், ஆன்லைனில் கிடைக்கிறது.

கானல்வாசி:
தம்பி, வெள்ளகவிக்குள் மனிதர்களே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கிறார்கள். ஊரையே கோயிலாக நினைக்கிறவர்கள். அங்கே உங்கள் நாய் பூட்ஸ் போட்டுக்கொண்டு போகுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேரா இமயமலைக் குளிரில் வளர்ந்த நாய். கடைவாசல் நாய்கள் இந்த மலையிலேயே பிறந்தவை, முடியாவிட்டால் பாதி வழியில் திரும்பிவிடும். பூரி திரும்பாது. நீங்கள் எங்கே போனாலும் பின்னாலேயே வரும், அதுதான் சிக்கல். டால்பின்ஸ் நோஸ் தாண்டிக் கும்பக்கரை வரைக்கும் ஐயாயிரம் அடிக்கு மேல் இறக்கம், வேரும் உருளும் கல்லுமாக. காலையில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்புவீர்கள், கடைசி இரண்டு மணி நேரம் பெரியகுளத்து வெயில் பாறையில் அடிக்கும். நாயால் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது.

இன்னொன்று, காட்டுமாடு. கொடைக்கானல் டவுனுக்குள்ளேயே நிற்கும், பார்த்திருப்பீர்கள். மனிதன் ஒதுங்கி நின்றால் அது பாட்டுக்குப் போய்விடும். நாய் குரைத்தால் துரத்தும். துரத்தினால் நாய் எங்கே ஓடும்? நேராக உங்களிடம்தான்.

ஊர்சுற்றி:
அண்ணா, அதற்குத்தானே கயிறு இருக்கிறது?

கானல்வாசி:
செங்குத்து இறக்கத்தில் 34 கிலோ நாயை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருமுறை இறங்கிப் பாருங்கள். அது தாவினால் நீங்களும் தாவ வேண்டியதுதான்.

ஊசிக்காரர்:
கால்நடை கிளினிக் ஒன்றில் உதவியாளனாக இருக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏறும்போது நாய்க்கு மூச்சுதான் வாங்கும். கெடுதல் இறக்கத்தில்தான். நின்றாலே நாயின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்காலில் இருக்கும். இறங்கும்போது இன்னும் கூடும். ஒவ்வொரு கல்லிலிருந்து குதிக்கும்போதும் தோளும் மணிக்கட்டும் அந்த அடியை வாங்குகின்றன. குதிக்கும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள் காலையில் எழுந்திருக்க மாட்டான்.

அடுத்தது சூடு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். அதன் சாதாரண வெப்பமே 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள், ஓடையில் குடிக்க விடாதீர்கள். மூக்குக்குள் அட்டை ஏறிவிடும். ஒரு வாரமாக ஒற்றை மூக்கில் ரத்தம், ஓயாத தும்மல் என்று வந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊர்சுற்றி:
இப்படி ஒவ்வொன்றாகப் பயப்பட்டால் நாயை ஃப்ளாட்டில் பூட்டி வைக்க வேண்டியதுதான். மெத்தையில் படுத்து, தயிர்சாதம் தின்று, எட்டு வயதில் மூட்டு போய் நிற்கும் லேப்கள் எத்தனை! அதற்கு எந்த மலை காரணம்? முகர்ந்து பார்க்கவும் ஓடவும் பிறந்த ஜீவன் சார் அது. வருஷத்துக்கு ஒரு நாள் காட்டு வாசனை கிடைக்கட்டுமே.

ஊசிக்காரர்:
இதில் நீங்கள் சொல்வது சரி. கிளினிக்குக்கு வருவதில் மலை ஏறிக் கெட்டதைவிட உட்கார்ந்து கெட்டதுதான் அதிகம். ஆனால் மெத்தையிலிருந்து நேராக வெள்ளகவி இறக்கத்துக்குத் தாவக்கூடாது. நடுவில் மூன்று மாதம் சின்னச் சின்ன மலைகள் வேண்டும்.

கானல்வாசி:
வாசனை பூரிக்கு, சரி. காட்டுக்கு என்ன? 2013-லிருந்து கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது, செந்நாய் திரியும் மலை. 2018-இல் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது சிலவற்றில் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது. நாய்களிடம் சாதாரணமாகப் பரவும் அதே வைரஸ்தான்.

ஊர்சுற்றி:
பூரிக்கு ஊசி போட்டிருப்பார்கள். டிஸ்டம்பரை ஊசி போடாத தெருநாய்களிடம் போய்ச் சொல்லுங்கள் அண்ணா.

கானல்வாசி:
ஊசி போட்ட நாயென்றால் அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் இதற்குப் பதில் சொல்லுங்கள்: பாதியில் படுத்துவிட்டால்? 2020-இல் இங்கிலாந்தின் ஸ்காஃபெல் பைக்கில் டெய்சி என்ற 55 கிலோ செயின்ட் பெர்னார்ட் இறங்கும்போது படுத்துவிட்டது. 16 தன்னார்வலர்கள், ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். அந்த மலை வெறும் 978 மீட்டர். வெள்ளகவியில் உடம்பு முடியாத மனிதர்களையே டோலி கட்டித் தூக்கி வந்திருக்கிறார்கள். பூரிக்கு யார் டோலி கட்டுவது?

அப்புறம், 2018-இல் மலையேறப் போனவர்கள் பலர் இறந்த குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகு அனுமதி இல்லாமல் காட்டுப் பாதையில் போக முடியாது. நாயை அனுமதிப்பார்களா என்று வனத்துறையிடம் முதலில் கேளுங்கள். நாம் இங்கே சண்டை போடுவது வீணாகிவிடக் கூடாது.

பூரி அப்பா (மதுரை):
எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலை சோதனைக்காக நாகமலைப் பக்கம் ஒரு சரிவில் ஏற்றிப் பார்த்தேன். ஏறும்போது எங்களை முந்திக்கொண்டு ஓடினான். இறங்கும்போது முதல் பெரிய கல்லிலேயே உட்கார்ந்துவிட்டான். பிஸ்கட் காட்டினேன், திரும்பிப் படுத்துக்கொண்டான். கடைசியில் நானும் தம்பியும் மாறி மாறித் தூக்கி வந்தோம், நூறடி கூட இருக்காது. இதைத் தைலம் தேய்த்துக்கொண்டே எழுதுகிறேன். ஜனவரியில் பூரி அக்கா வீட்டில் இருப்பான்.

ஊர்சுற்றி:
பிப்ரவரியில் டால்பின்ஸ் நோஸ் வரைக்குமாவது கூட்டிட்டு வாங்க ப்ரோ. நானும் வருகிறேன், இறங்கும்போது தூக்க ஒரு ஆள் வேண்டுமே.

கானல்வாசி:
கயிறோடு வாருங்கள். டீ என் செலவு.