தக்காயாமா விடுதியில் இரண்டு காலைகள்

ஜப்பானின் ஹிதா மலைப்பகுதியில் உள்ள தக்காயாமாவில், ரியோக்கான் எனப்படும் பாரம்பரிய விடுதி ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கினேன். காலை உணவுக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்பதை முதல் நாள் மாலையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். நான் ஏழரை மணி என்றேன்.

தத்தாமிப் பாயில் அமர்ந்தபோது, வாட்டிய சால்மன் துண்டு, நோரி எனும் கடற்பாசித் தாள், உமேபோஷி எனும் உப்பில் ஊறிய புளிப்புப் பழம், சிவப்பு முள்ளங்கிக்கிழங்கு ஊறுகாய் என்று சிறு சிறு கிண்ணங்கள் எனக்கு முன்னே நிறைந்திருந்தன. அவற்றின் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஓர் அடுப்பு. விடுதியை நடத்தும் அம்மையார் மண்டியிட்டு அமர்ந்து, அதனுள் இருந்த எரிபொருள் வில்லையைப் பற்றவைத்தார். அடுப்பின் மேல் உலர்ந்த மக்னோலியா இலை. இலையின் மேல் சோயாவை நொதிக்கவைத்துச் செய்த மிசோ விழுது, நறுக்கிய வெங்காயத்தாள், காளான். இதைத்தான் ஹோபா மிசோ என்கிறார்கள். இலை தீப்பிடித்துவிடுமோ என்று அஞ்சினேன். நீரில் ஊறிய இலையாதலால் ஓரங்கள் மட்டுமே மெல்லக் கருகின. விழுது குமிழிவிடத் தொடங்கியதும், அவர் சாப்ஸ்டிக் நுனியால் அதை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தார். மரத்தொட்டியிலிருந்து எடுத்து வைத்த சுடுசோற்றில் அதைச் சிறிது தொட்டு உண்டபோது, உப்பும் இனிப்பும் இலையின் புகைமணமும் ஒன்றாக நாவில் இறங்கின. வேறு எதையும் தொடாமல் இரண்டு கிண்ணம் சோறு உண்டேன்.

ஒன்சென் முட்டையும், அதாவது வெந்நீர் ஊற்று முட்டையும், எனக்கு வியப்பளித்தது. வெள்ளைக்கருவைவிடக் குறைந்த வெப்பத்திலேயே மஞ்சள் கரு இறுகிவிடும் என்பதால், 70 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் நெடுநேரம் கிடக்கும் முட்டையில் மஞ்சள் கரு திரண்டும் வெள்ளை தளர்ந்தும் இருக்கின்றன. நொதிக்கவைத்த சோயா பயறான நாட்டோவின் வாடை முதல் நாள் என்னைத் தள்ளி நிறுத்தியது. மறுநாள் கடுகு விழுதும் சோயா சாஸும் சேர்த்து, நூல் நூலாக இழுபடும்வரை கிளறியபின் முழுவதும் உண்ண முடிந்தது.

சைவ உணவு உண்போர் முன்பதிவின்போதே அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மீன் துண்டே கண்ணில் படாத மிசோ சூப்பிலும், உலர்த்திய கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு எடுத்த தாஷிச் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும்.

இரண்டாம் நாள் உணவு முடிந்ததும் மியாகவா ஆற்றங்கரையில் கூடும் காலைச் சந்தைக்கு நடந்தேன். தட்டில் கண்ட அதே சிவப்பு ஊறுகாயை அங்கே ஒரு மூதாட்டி விற்றுக்கொண்டிருந்தார். இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.