ஜிஆர்இ: இரண்டாவது செக்‌ஷன் ஈஸியா வந்தா என்ன அர்த்தம்?

கணக்குமட்டும்:
வெளிநாட்டு மேல்படிப்புக்கு எழுதுற இந்தத் தேர்வு எப்படி நடக்கும்னு இங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். முதல் குவான்ட், அதாவது கணக்கு, செக்‌ஷன், 12 கேள்வி 21 நிமிஷம், சுமாராத்தான் போச்சு. இரண்டாவதைத் திறந்தா முதல் கேள்வியே ஒரு சதவீதக் கணக்கு, மனசுலயே போட்டுடலாம். அடுத்ததும் அதே மாதிரி. முதல்ல பண்ணதை வெச்சுத்தானே இரண்டாவதோட கஷ்டம் அமையும்? அப்போ முதல் செக்‌ஷன் ஊத்திக்கிச்சான்னு கை சில்லிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் "எக்ஸ் பூஜ்ஜியம் இல்லை"ங்கிற ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், மண்டைல ஏறவே இல்லை.

கடைசில ஸ்கோரை ஏத்துக்கிறியா, ரத்து பண்றியான்னு ஸ்கிரீன் கேக்கும் பாருங்க. மார்க்கைக் காட்டாமலேயே கேக்கும்! மவுஸை ரத்து மேலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். எப்படியோ ஏத்துக்கிட்டேன். குவான்ட் 170-க்கு 163. அந்தச் செக்‌ஷன் நிஜமாவே ஈஸியா, எனக்குத்தான் அப்படித் தோணுச்சான்னு இன்னும் புரியல.

பழையபேட்ச்:
அது மார்க்குல சேராத சோதனை செக்‌ஷனா இருக்கும். எனக்கு வெர்பல், அதான் இங்கிலீஷ் செக்‌ஷன், மூணு வந்துச்சு. எது பொய்னு கண்டுபிடிக்கிறதுலயே பாதி கவனம் போயிடுச்சு.

வெள்ளைப்பலகை:
ஐயா, அதெல்லாம் அந்தக் காலம். 2023 செப்டம்பர்ல தேர்வை 1 மணி 58 நிமிஷமா சுருக்கினப்பவே அதைத் தூக்கிட்டாங்க, நடுவுல விட்ட இடைவேளையும் போச்சு. இப்ப ஒரு கட்டுரை, ரெண்டு வெர்பல், ரெண்டு குவான்ட், அவ்வளவுதான். தெரியாம அவரைக் குழப்பாதீங்க.

நான் வீட்லேர்ந்து எழுதினேன். சாதாரணத் தாள் கூடாதுன்னு சின்ன வெள்ளைப் பலகை வெச்சிருந்தேன். கடைசி வரைபடக் கேள்விக்கு இடம் பத்தல. எதை அழிக்கிறதுன்னு பாக்குறதுக்குள்ள முழங்கை பட்டு, பாதி போட்ட கணக்கு நீலக் கறையாப் போச்சு. மீதி 40 விநாடி. இப்பவும் மார்க்கர் வாசனை வந்தா அந்தக் கறைதான் ஞாபகம் வருது.

நிதானம்:
யாரும் கேக்கல, இருந்தாலும் சொல்றேன். கேள்வி ஈஸியா கஷ்டமான்னு உள்ள உக்காந்து ஜோசியம் பாக்காதீங்க. பதற்றத்துல எல்லாமே தப்பாத்தான் தெரியும். ஒரே செக்‌ஷனுக்குள்ள முன்ன பின்ன போய்த் திருத்தலாம், அதனால இழுக்கிற கேள்வியைக் குறிச்சு வெச்சுட்டு நகருங்க. தப்புக்கு மார்க் குறையாது, எதையும் காலியா விடாதீங்க. ரெண்டு அளவுல எது பெரிசுன்னு கேக்குற கணக்குக்கு பூஜ்ஜியம், பின்னம், மைனஸ் எண் மூணையும் போட்டுப் பாருங்க, முழு எண்ணை மட்டும் போட்டுட்டு முடிவு பண்ணாதீங்க. வெர்பல்ல ரெண்டு வார்த்தை கேட்டா ரெண்டும் சரியா இருக்கணும், ஒண்ணு சரின்னா பாதி மார்க்னு எதுவும் கிடையாது. ஆயிரம் வார்த்தைப் பட்டியலைக் கட்டிக்கிட்டு அழுறதை விட, அந்த வாக்கியத்துல "ஆனாலும்" மாதிரி திருப்பம் எங்க இருக்குன்னு தேடுறது மேல். அப்புறம், ரத்து பண்ணிட்டாலும் 60 நாளைக்குள்ள பணம் கட்டி ஸ்கோரைத் திரும்ப வாங்கலாம்.

என் அனுபவமா? மானிட்டர்ல ரெண்டும் சேத்து 340-க்கு 324 வந்துச்சு, வெளிய வந்து தூங்கிட்டேன்.

கணக்குமட்டும்:
60 நாள் விஷயத்தை அந்த ஸ்கிரீன்லயே கொட்டை எழுத்துல போட்டா என்னவாம்?