வேலை நேரத்தில் சொந்தக் காரியத்துக்கு இணையம்: ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

சீராளன்:
எங்கள் பிரிவில் நான் எழுந்து நடந்தாலே போதும், பாதித் திரைகளில் வேலைப் பக்கம் சட்டென்று முன்னால் வந்துவிடும். திறந்திருக்கும் பக்கத்தை நொடியில் மாற்றும் ஆல்ட்-டேப் விசைமேலேயே விரல் காத்திருக்கிறது. வாடிக்கையாளர் பதிலுக்குத் தவம் கிடக்கிறார். இங்கே செருப்பு விலையை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வேலைக்குத்தானே?

கயல்:
சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் விவியன் லிம் 2002இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள், ஐயா. நிறுவனம் தங்களை நியாயமாக நடத்தவில்லை என்று நினைப்பவர்கள், 'கொடுத்ததற்கு எடுத்துக்கொள்கிறோம்' என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு இணையத்தில் உலவுகிறார்கள். இரவு பத்து மணிக்கு மின்னஞ்சல் அனுப்பி உடனே பதில் கேட்கும் மேலாளர், பகலில் ஊழியர் மின்கட்டணம் கட்டும்போது மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறார். வங்கியும் பள்ளி அலுவலகமும் நம் வேலை நேரத்தில்தான் திறந்திருக்கின்றன. அந்த வேலைகளை எப்போது முடிப்பது?

சீராளன்:
மனத்தைத் தேற்றிக்கொள்வதால் செய்தது சரியாகிவிடுமா? இரவு மின்னஞ்சல் அநியாயம்தான், அதை நேரடியாக எதிர்த்துக் கேளுங்கள். ஒருவர் உலவும் நேரத்தில் அவருடைய வேலை பக்கத்து மேசைக்காரர் தலையில் விழுகிறது. அவருக்கு யார் ஈடு தருவார்கள்?

தணிகை:
பக்கத்து மேசைக்காரரைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அதைச் சாக்காக வைத்துத்தான் கண்காணிப்பு மென்பொருள் உள்ளே வருகிறது. ருமேனியாவில் ஒரு நிறுவனம் ஊழியரின் யாகூ மெசஞ்சர் உரையாடல்களைப் படித்து, 2007இல் அவரை வேலையைவிட்டு நீக்கியது. சகோதரருடனும் மணக்கவிருந்த பெண்ணுடனும் பேசியவைகூட அதில் இருந்தன. 2017இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஊழியர் பக்கம் நின்றது. எந்த அளவுக்குக் கண்காணிப்பார்கள் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதை உள்நாட்டு நீதிமன்றங்கள் சரிவர ஆராயவில்லை என்பது அதன் காரணங்களில் ஒன்று.

இன்னொன்று, கையில் வேலையே இல்லாத நேரம். ஒப்புதலுக்கு அனுப்பிய கோப்பு திரும்பும்வரை ஊழியர் சுவரையா பார்த்துக்கொண்டிருப்பார்? 'வேலை இல்லை' என்று வாய்விட்டுச் சொன்னால் ஆள்குறைப்பில் முதல் பெயர் தன்னுடையதாகிவிடுமோ என்ற பயம் வேறு. அதனால்தான் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்கிறார்.

கயல்:
அதனால்தான் திரையைக் கண்காணிப்பதை விட்டுவிடுங்கள் என்கிறேன். வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரத்துக்குள் பதில் போக வேண்டும் என்று வரையறுங்கள். தவறினால் கேளுங்கள்.

சீராளன்:
வாடிக்கையாளர் சேவைக்கு அது பொருந்தும், ஒப்புக்கொள்கிறேன். கணக்குப் பிரிவில் கவனம் சிதறி ஓர் எண் தவறினால் மாதக் கடைசியில்தான் தெரியவரும். அங்கே எதை வைத்து அளப்பீர்கள்?